நாலு மணிக்குள் விறகு

கோடாலியின் தலை கழன்று கிணற்றுக்குள் விழுந்தபோது மணி பதினொன்று. ஹெட்கிளார்க்கின் கையில் காம்பு மட்டும் மிஞ்சியது.

"நல்லதாப் போச்சு. இது கோடாலிக்கு அடங்குற மரமில்ல," என்றார், யாரும் கேட்காமலே.

பின்வேலி ஓரம், காற்றில் சாய்ந்து காய்ந்துபோன மரம் படுத்துக் கிடந்தது. அதில் ஒரு சில்லுகூட இன்னும் பெயரவில்லை.

எல்லாம் முந்தின நாள் வாயால் வந்த வினை. ஓய்வு பெற்றுப் பத்து நாள்தான் ஆகிறது. சாப்பிட்டு எழுந்தவர், "நாள் பூரா வீட்ல சும்மாதானே இருக்க, உனக்கென்ன களைப்பு?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டார்.

அவள் கத்தவில்லை. அவர் எச்சில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள்.

"நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நாலு மணி பஸ்ல வருவேன். வரும்போது சூடா சாப்பாடு இருக்கணும். நீங்களே ஆக்கணும். இருந்தா, தையல் கடைக்கு வேலைக்குப் போறேன்னு இனிமே வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நான் கடைக்கு, நீங்க அடுப்படிக்கு."

"இவ்வளவுதானா?"

"யாரு உதவியும் கூடாது."

"எவன் கேட்டான் உதவி?"

முப்பது வருஷம் கோப்பு பார்த்த மனிதர் எதையும் அடியிலிருந்துதான் தொடங்குவார். சாப்பாடு என்றால் அடுப்பு. அடுப்பு என்றால் விறகு. காலையில் போய் விறகுக் கொட்டகையைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய சைக்கிளும் இரண்டு கோழிகளும் இருந்தன.

"பாத்தியா. ஒரு குச்சி விடாம தீத்துட்டுப் போயிருக்கா உங்கம்மா. பக்கா சதி," என்றார் மகளிடம்.

பின்வாசல் படியில் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "அப்பா, அது வந்து..."

"பேசாத. நீ ஒரு வார்த்தை சொன்னாலும் அது உதவி. அப்புறம் பந்தயம் செல்லாதும்பா உங்கம்மா."

அவள் மறுபடி புத்தகத்துக்குள் போனாள். அப்பா எதையும் இரண்டாம் முறை கேட்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். முதல் முறையும் கேட்டதில்லை.

கோடாலி போனதும் டிராக்டர் வந்தது. அவர் அண்ணன் இவர் தலையில் தள்ளிவிட்ட பழைய வண்டி. மரத்தைச் சங்கிலியால் கட்டி, தெருமுனை மர மில்லுக்கு இழுத்துப் போய் அறுத்துக்கொண்டு வருவது திட்டம்.

"மில்லுக்காரர் அறுத்தா அது உதவி இல்லையாப்பா?"

"கூலி குடுத்தா அது உதவி இல்ல, சேவை."

கியரைப் போட்டார். மரம் அசையவில்லை, டிராக்டரின் முன்சக்கரங்கள்தான் குதிரை மாதிரி எழும்பின. இன்னும் கொஞ்சம் மிதித்தார். மரம் வந்தது. கூடவே வேலியும் வந்தது. வேலியில் கட்டியிருந்த துணிக்கொடியும், அதில் காய்ந்த அவருடைய நாலு வேட்டிகளும் ஊர்வலமாக வந்தன.

வாசல் கேட்டருகே வண்டியைத் திருப்பும்போது மரம் சுழன்று முன்னால் வந்து கேட்டில் குறுக்கே செருகிக்கொண்டது. டிராக்டர் உள்ளே, மில் வெளியே.

"அப்பா, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்."

"எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியும்."

தெரிந்தது. ஆனால் பின்னால் தண்ணீர்க் குழாய் இருப்பது தெரியவில்லை. குழாய் முறிந்து, தண்ணீர் மாடி உயரத்துக்குப் பீறிட்டது. கால்மணி நேரத்தில் முற்றம் சேறாகி, பெரிய சக்கரங்கள் பாதிவரை புதைந்தன. மணி இரண்டு.

சக்கரத்துக்கு அடியில் கொடுக்கப் பலகை வேண்டும். அங்கும் இங்கும் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து சாப்பாட்டு மேசையைத் தலைகீழாக இழுத்துக்கொண்டு வந்தார்.

மகள் புத்தகத்தை மூடினாள். "அதுலதானே அம்மா சாப்பிடணும்?"

"தட்டக் கையில வச்சுச் சாப்பிட்டா இறங்காதா?"

டிராக்டர் மேசைமேல் ஏறியது. மேசை ஒரே ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். சக்கரம் இன்னும் ஒரு ஜாண் இறங்கியது. ஹெட்கிளார்க் இறங்கிவந்து, சேற்றில் சிதறிக் கிடந்த சட்டங்களையும் கால்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏம்மா, இது நல்லாக் காஞ்ச தேக்கு இல்ல?"

மகள் புத்தகத்தை மறுபடி திறந்தாள். பதில் சொன்னால் செல்லாது.

மேசையின் நாலு கால்களையும் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். உடம்பெல்லாம் சேறு, தோளில் ஒரு கிழிந்த வேட்டி. மணி மூன்றரை. அரைமணி நேரம் தாராளம். தையல் கடையாவது மண்ணாவது.

கேட்டில் குறுக்கே கிடந்த மரத்தைத் தாண்டி, தோளில் பாரத்தோடு ஒரு ஆள் உள்ளே இறங்கினார்.

"அக்கா இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா. உதவி பண்ண வந்திருந்தா அப்படியே திரும்பிடுங்க. நானே பாத்துப்பேன். விறகு வந்தாச்சு, இனி பத்த வச்சு ஆக்க வேண்டியதுதான்."

வந்தவர் வேலியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், புதைந்த டிராக்டரைப் பார்த்தார். கடைசியில் இவர் அணைத்திருந்த மேசைக் கால்களைப் பார்த்தார். பாரத்தை டொங்கென்று கீழே இறக்கினார்.

"விறகு எதுக்குங்க? எட்டு வருஷமா நான்தானே இந்த வீட்டு அடுப்படிக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டாந்து மாட்டிட்டுப் போறேன். ஆமா, நீங்க யாரு, விருந்தாளியா?"