கொச்சிக்காய் மீசை

ஸுல்பிகா கொழும்புக்குப் போகக் கூடாது. திங்கட்கிழமை அஸர் தொழுதுவிட்டு வரும் வழியிலேயே இதைத் தீர்மானித்துவிட்டேன். காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நாலு நாள் அவள் இல்லாவிட்டால் எனக்குத் தேத்தண்ணி ஊற்ற ஆளில்லை. ஐம்பத்திரண்டு வயதாகியும் எனக்கு அது கைவரவில்லை. இதை வெளியில் சொல்ல முடியுமா? வெட்கக்கேடு. ஆகவே வேறு காரணம் தேடினேன்.

என் மனைவி ஸுல்பிகா படம் கீறுகிறவள் அல்ல, ஒட்டுகிறவள். காய், இலை, பூ, கொடி என்று அச்சடித்த படங்களை வெட்டி, ஒட்டி, ஒரு பெரிய படமாக்குவாள். வெட்டுவதெல்லாம் கல்முனையில் நான் நடத்தும் விதைக்கடைப் பைக்கற்றுகளை. கத்தரி விதை கேட்ட நாவிதன்வெளிக்காரருக்கு, படம் போன பைக்கற்றைக் குலுக்கிப் பார்த்து வெண்டி விதை கொடுத்து ஏச்சு வாங்கினவன் நான். ஆனால் கொழும்புக்காரர்களுக்கு அவள் கலைஞர். கண்காட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கொண்டுபோகவிருந்த படத்தை உற்றுப் பார்த்தேன். பூசணிக்காய் வயிறு. முருங்கைக்காய்க் கால்கள். இடுப்பில் வாழையிலைச் சாறன். மேலே கத்தரிக்காய் மூக்கும் காரமான கொச்சிக்காய் மீசையுமாக ஒரு முகம். அல்ஹம்துலில்லாஹ், காரணம் கிடைத்துவிட்டது!

“என்ன புள்ள இது? முகம் வெச்சிரிக்கா! உசிருள்ளதுட உருவம் ஆகாதெண்டு தெரியாதா?”

“இது மரக்கறி.”

“மரக்கறிக்கு மீசை இரிக்கா?”

“அப்ப ஹஸரத்துக்கிட்டக் காட்டுங்க. அவர் சொல்றதுதான் முடிவு.”

“பேச்சு மாறமாட்டாயே?”

“நீங்க மாறாட்டிச் சரி.”

படத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினேன். ஹஸரத் படத்தைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

“இது ஆரு, காக்கா?” என்று என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“நான்தான்.” சொல்லவே கூசியது. ஆனால் வழக்கில் வெல்ல வேண்டுமே.

“ஓம், விளங்குது. தலைய மட்டும் எடுத்திடுங்க. பொறகு அது மரஞ்செடி மாதிரித்தான். கொண்டுபோகட்டும்.”

பள்ளியில் கேட்ட தீர்ப்பை மாற்றிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்படியே வந்து ஒப்பித்தேன்.

“ஹஸரத் சொன்னாச் சரிதான்” என்றவள், ஒரு விரலால் நெம்பினாள். தலை கழன்று வந்தது. கத்தரிக்கோல்கூடத் தேவைப்படவில்லை. பசை நல்லதில்லைபோல என்று நினைத்தேன்.

“இந்தாங்க, ஒங்கட தலை. எறிஞ்சிடாதீங்க. தேவப்படும்.”

மறுநாள் காலை, தலையில்லாத என்னை வேனில் ஏற்றிக்கொண்டு அவள் புறப்பட்டுவிட்டாள். நான் குசினியில், பற்றவைக்காத அடுப்பின் முன், தலையோடு நின்றேன். தேத்தண்ணி இல்லாத கோபத்தில் அதைக் கிழிக்கப் போனேன். பின்பக்கத்தில் பசையே இல்லை. நாலு மூலையிலும் துண்டு டேப். நடுவில் அவளுடைய எழுத்து:

“கேத்தல்ல தண்ணி வெச்சு அடுப்பப் பத்தவைங்க. கொதிச்சாப் பொறகு தேயில போடுங்க. சிவப்பு மூடிப் போத்தல்தான் சீனி. வெள்ள மூடி உப்பு.”

அடியில் திகதியும் போட்டிருந்தாள். நான் தீர்மானம் எடுத்ததற்கு மூன்று நாள் முந்திய திகதி.