தாழ்ப்பாள் செய்யும் மருமகனுக்குக் குளியலறையிலிருந்து

தாழ்ப்பாள் சாம்ராஜ்யத்தின் இளம் சக்கரவர்த்தியும் என் ஒரே அக்காவின் ஒரே வாரிசுமான மருமகனுக்கு, உன் குளியலறையில் சிறைப்பட்டிருக்கும் தாய்மாமன் எழுதுவது. இங்கு கணுக்காலுக்கு மேல் நலம், கீழே வெள்ளம். கூடத்தில் நீயும், உன்னிடம் ஆர்டர் கொடுக்க வந்திருக்கும் ஆஸ்பத்திரிக்காரரும் நலமாகவும், முக்கியமாக உலர்ந்தும் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

"மாமா, சத்தம் மட்டும் போட்றாதீங்க, அவர் கையெழுத்துப் போடுற நேரம். எதுன்னாலும் எழுதிக் கதவுக்கடியில தள்ளுங்க" என்று நீ கிசுகிசுத்துவிட்டு ஓடினாயே, அதனால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் நான் போடும் கூச்சலில் ஏழு கடல் தாண்டிக் கப்பல்கள் திசைமாறியிருக்கும். உள்ளே படிக்க எடுத்துவந்த உன் விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் 'ஆயுள் முழுதும் உழைக்கும்' என்று அச்சடித்திருக்கிறாய். யாருடைய ஆயுள் என்றுதான் போடவில்லை.

நடந்தது இதுதான். கை கழுவ தாழ்ப்பாளோடு சேர்த்து நீ செய்யும் புதுக் குழாயின் குமிழை அழுத்தினேன். கையை எடுத்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குமிழை மேலே தள்ளித் தண்ணீரை நிறுத்த வேண்டும் அல்லவா? அது துருவேறி, மாமனார் வீட்டில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி, போனது போனதுதான், எழுந்திருக்கவே இல்லை. சரி, உன்னைக் கூப்பிடலாம் என்று கதவுப்பிடியை அழுத்தினால் உள்ளே 'டொக்'. தாழ்ப்பாளின் ஸ்பிரிங் உடைந்து, துண்டு குறுக்கே விழுந்து, தாழின் நாக்கு நகர மறுக்கிறது. நான் இழுத்த இழுப்புக்கு மலையே பெயர்ந்திருக்கும். என் தோள்தான் பெயர்ந்தது.

இதற்கிடையே அடுப்படியிலிருந்து உன் அம்மா, "ஏன்டா, ஊரையே உள்ள கூட்டிவச்சுக் குளிப்பாட்டுறியா?" என்கிறாள். "ஆமாக்கா, இப்பத்தான் அடுத்த தெருவுக்கு வந்திருக்கேன்" என்று தணிந்த குரலில் சமாளித்துவைத்திருக்கிறேன். ஆனால் தண்ணீரை யார் சமாளிப்பது? வடிகால் ஒரு மடக்கு குடிப்பதற்குள் குழாய் ஒரு குடம் கக்குகிறது. நிலைப்படிக்கு இன்னும் இரண்டு விரற்கடைதான். அதைத் தாண்டினால் நேரே கூடம், அவருடைய கால், உன் ஆர்டர்.

"ஸ்பிரிங் எவன் கண்ணுக்குத் தெரியப்போவுது மாமா, மேல பளபளன்னு இருந்தாப் போதும்" என்று சொன்னவனே! கோட்டு சூட்டுக்குள் கிழிந்த பனியன் போட்டால் கோட்டைக் கழற்றாதவரைதான் கௌரவம். நாளெல்லாம் ஈரம் படும் இடத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்பிரிங் போடாமல் சாதாரணக் கம்பியைச் சுருட்டி வைக்கலாமா? நானாவது கத்தத் தெரிந்தவன். அந்த ஆஸ்பத்திரியில் உள்ளே மாட்டிக்கொள்ளும் நோயாளிக்குக் கத்தவும் தெம்பிருக்காதடா. வயிற்றில் தையலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவர் கையெழுத்துப் போடுமுன் ஸ்பிரிங்கை மாற்றித் தருவதாகச் சொல்லிவிடு. அவருக்கு வேறெதுவும் தெரிய வேண்டாம். இந்தத் தாள்கள் நமக்குள் ரகசியம்.

தண்ணீர் இன்னும் ஒரு விரற்கடை. உன் தொழில் ஓங்கட்டும், உன் தாழ்கள் மூடட்டும், அதைவிடத் திறக்கட்டும் என்று நனைந்த கையால் ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்.

பி.கு.: மருமகனே, இதுவரை தள்ளிய தாள்களை எடுத்தது யார்? கதவுக்கடியில் தெரிவது பாலிஷ் போட்ட கறுப்பு பூட்ஸ். நீ ரப்பர் செருப்பல்லவா! உன் குரல் தூரத்தில், "சார், மாமா சும்மா தமாசுக்கு எழுதுறது சார்" என்கிறது. "தண்ணி என் பூட்ஸுக்குள்ள வந்துடுச்சேய்யா, அதுவும் தமாசா? பெரியவரே, கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க, உடைக்கிறோம். தம்பி, நல்ல ஸ்டீல் ஸ்பிரிங்கா மாத்துங்க, ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இதே ரூம்ல மாட்டி, தெனமும் இதே மாமாவ உள்ள வச்சுப் பூட்டிப் பாத்துத்தான் கையெழுத்து" என்கிறார் ஆஸ்பத்திரிக்காரர். ஆகவே, துருப்பிடிக்காத ஸ்டீலைப் பற்றி மேலே எழுதிய அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன்.