உர்சுலா எங்கே படுத்திருக்கிறாள்?

"அப்படின்னா இந்தக் கல்லுக்கு அடியில யாரு இருக்கா?"

மிஸ் பென்ரோஸ் குடை நுனியால் கல்லறைக் கல்லைத் தட்டினாள். இன்னொரு கையில் இந்த மாதப் பத்திரிகை. அவளுக்குப் பின்னால் வண்டியிலிருந்து இறங்கிய பதினொரு பேர் ஈரப் புல்லில் நின்றுகொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

மூர்ஸ்டோ கிறிஸ்தவக் கோயிலில் மணியடித்துக் குழி தோண்டும் கோயில்பிள்ளை ஒபதியா தொப்பியைக் கழற்றினான். பதில் தெரியாதபோதெல்லாம் அவன் தொப்பியைக் கழற்றுவான். பார்ப்பவர்கள் மரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள்.

"போன வருசமும் இதே கல்லைத்தானம்மா காட்டினேன்."

"போன வருசம் அவ செத்துப் போயிருந்தா. இப்பத்தான் சாகலையே!" என்று அவள் பத்திரிகையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த அந்த நாவலைப் படிக்காத வீடு இங்கிலாந்தில் கிடையாது. ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்து அடிபட்டு வந்த காதலனைப் பன்றிக்கறி ஊறும் உப்புத் தொட்டிக்குள் ஒளித்துவைத்துச் சிப்பாய்களை ஏமாற்றிய உர்சுலாவின் கதை. கடைசி அத்தியாயத்தில் அவள் அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். 'மேட்டு நிலத்துச் சின்னக் கோயில் ஒன்றின் யூ மரத்தடியில்' புதைக்கிறார்கள். எந்தக் கோயில் என்று நாவலாசிரியர் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒபதியாவுக்குப் பிழைப்பு இல்லை.

மூர்ஸ்டோவில், கல்லறைத் தோட்டங்களில் வளர்க்கும் அந்த யூ மரம் இருந்தது. அதன் அடியில் எழுத்தெல்லாம் மழையில் கரைந்துபோன ஒரு கல்லும் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒரு பெண் வந்து, "இதுதானா?" என்று கேட்டுவிட்டு, ஒபதியா வாயைத் திறப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவளிடம் போய் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றான். பன்னிரண்டு வருடம் அப்படிச் சும்மா நின்றதில் கோயிலுக்குப் புதுக் கூரை வந்தது. அவன் மனைவி திர்சாவின் டீக்கடைக்கு நாலு மேசை வந்தது.

இப்போது அந்த நாவலாசிரியர் கிழவராகிவிட்டார். கிழவராகி ஒழுங்காக உட்கார்ந்திருக்காமல், பழைய பாத்திரங்களை எழுப்பி மாதம் ஒரு சிறுகதை எழுதுகிறார். முதல் கதையிலேயே குண்டைத் தூக்கிப் போட்டார். உர்சுலா சாகவில்லையாம். மயங்கித்தான் கிடந்தாளாம். காதலனோடு ஹாலந்துக்குப் போய் ஆறு பிள்ளை பெற்றுப் பாலாடைக்கட்டி விற்றாளாம்.

"சொல்லுங்க, யாரு இருக்கா?" என்றாள் மிஸ் பென்ரோஸ்.

"அவதாம்மா. ஹாலந்துலயே வாழ்ந்தா, அங்கயே செத்தா. அப்புறம் இங்க கொண்டு வந்தாங்க."

"அவ்வளவு தூரமா?"

"கப்பல்ல."

"உடம்பு கெட்டுப் போகாதா?"

பதினொரு பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். ஒபதியா தொப்பியை ஏற்கெனவே கழற்றியிருந்தான். இரண்டாவது தொப்பி இல்லை.

"பிராந்திப் பீப்பாய்ல" என்றான்.

மிஸ் பென்ரோஸின் கண்கள் நிரம்பின.

"ஏன்யா, பிராந்தியா?" என்றாள் திர்சா, அன்று மத்தியானம் ரொட்டி மாவைப் பிசைந்தபடி. "உப்புன்னு சொல்லியிருக்கக் கூடாது?"

"உப்புத் தொட்டிதான் ஏற்கெனவே கதையில வந்துடுச்சே. ஒரே ஆளை ரெண்டு தரம் ஊற வைக்க முடியுமா?"

"ஊற வை, காய வை, என்னமோ பண்ணு. வீடு போச்சுன்னா நான் உன்னோட தெருவுல நிக்க மாட்டேன். எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர்கள் இருந்த வீடு கோயில்பிள்ளைக்கு என்று கோயில் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். ஒபதியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குழி தோண்டுவது, மணியடிப்பது, சும்மா நிற்பது தவிர வேறு எதுவும் தெரியாது.

மிஸ் பென்ரோஸ் மாவட்டச் செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'பீப்பாயில் திரும்பிய உர்சுலா' என்று அது அச்சாகி வந்தது, மூர்ஸ்டோ கோயில்பிள்ளையின் பெயரோடு. மறு வாரம் மூன்று வண்டி ஜனம். ஒருவர் புல்லில் மண்டியிட்டுக் கல்லை முகர்ந்து பார்த்தார். இன்னும் லேசாக வாடை வருகிறது என்று சத்தியம் செய்தார். அவர் வாயிலிருந்து வந்த வாடை அது.

அடுத்த மாதம் இரண்டாவது கதை வந்தது. எழுபது வயது உர்சுலா உறைந்த கால்வாயில் நடந்து போகிறாள். பனிக்கட்டி உடைகிறது. 'அவள் உடல் கிடைக்கவே இல்லை' என்று முடித்திருந்தார் பெரியவர்.

"கிடைக்கவே இல்லையாம்!" என்று திர்சா பத்திரிகையை அடுப்பு மேடையில் அறைந்தாள். "வேணும்னே பண்றான்யா அந்தாளு. உம்மேல அவனுக்கு என்ன கோவம்?"

"என்னை அவருக்குத் தெரியவே தெரியாதுடி."

"தெரியாமலே இவ்வளவு பண்றானா?"

அந்தச் சனிக்கிழமை வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். நாவலையும் கொண்டு வந்திருந்தார், இரண்டு கதைகளையும் கொண்டு வந்திருந்தார். மூன்றிலும் அடிக்கோடு போட்டிருந்தார்.

"பீப்பாய்ல வந்தது யாரு?" என்றார்.

முந்தின இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்து வைத்ததை ஒபதியா எடுத்து விட்டான். "அவ கூடப் பிறந்தவ ஐயா. இரட்டைப் பிள்ளை."

"உர்சுலா ஒரே மகள். ரெண்டாம் அத்தியாயம்."

"அப்படித்தான் வெளியில சொன்னாங்க."

"யாரு?"

"அவங்க அப்பா. இன்னொருத்தியை மறைச்சு வளர்த்தாரு."

"எதுக்கு?"

"அதைத்தான் அவரு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே!"

ஆசிரியர் அதை எழுதிக்கொண்டார். செய்தித்தாளில் அதுவும் வந்தது. பீப்பாய்க் கட்சி, இரட்டைக் கட்சி என்று வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து திட்டிக்கொண்டார்கள். நாலாவது நாள், தொல்பொருள் சங்கம் ஒன்றிலிருந்து பாதிரியாருக்குக் கடிதம் வந்தது. கல்லறையைத் திறந்து பார்த்து வழக்கைத் தீர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். மண்வெட்டிகள் தாங்களே கொண்டு வருவார்களாம்.

பாதிரியார் ஹோல்கேட் மூர்ஸ்டோவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாவல் படிக்கிற பழக்கம் இல்லாதவர். வண்டி வண்டியாக ஜனம் வருவது தன் பிரசங்கத்துக்காக என்று நினைத்திருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு வாரம் விசாரித்து, அப்புறம் ஒபதியாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்தக் கல்லுக்கு அடியில யாரு?"

"தெரியாது ஐயா."

"பன்னிரண்டு வருசமா ஜனங்களுக்கு என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலை ஐயா. அவங்களே சொல்லிக்கிட்டாங்க. இந்த ரெண்டு மாசம்தான் கொஞ்சம் பேசினேன்."

"செத்தவங்க பேரால பொய் சொல்றது பாவம்னு தெரியாதா உனக்கு?"

"அவ செத்தவளே இல்லை ஐயா" என்றான் ஒபதியா. "பொறந்தவளே இல்லை."

அது தன் கட்சிக்குச் சாதகமான வாதம் என்று அவன் நினைத்தான். பாதிரியாரின் முகம் அப்படி நினைக்கவில்லை.

"உனக்கு ஒரு வாய்ப்புத் தர்றேன். நான் அந்த நாவலாசிரியருக்கு எழுதினேன். இந்த மாசத்துக்குள்ள ஒரு நாள் வந்து பாக்கறேன்னு பதில் போட்டிருக்கார். ஒருவேளை இந்தக் கோயிலை நினைச்சே அவர் எழுதியிருந்தா, நல்லது. 'எனக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை'ன்னு அவர் சொன்னா, கோயில் சாவியை என் கையில கொடுத்துட்டு வீட்டைக் காலி பண்ணிடு."

அன்றிலிருந்து ஒபதியாவுக்கு உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. கோயில் வாசலுக்கும் பாலத்துக்கும் இடையே ஒரு நாளைக்கு முப்பது தடவை நடந்தான். நாவலாசிரியரின் படம் பத்திரிகையில் வந்திருந்தது: வெள்ளைத் தாடி, சற்றே கோபமான புருவம். அந்த மேட்டு நிலத்தில் அறுபது தாண்டிய எல்லா ஆண்களுக்கும் அதே தாடி, அதே புருவம். திங்கட்கிழமை ஒரு ஆட்டு வியாபாரியை உள்ளே அழைத்துத் திர்சாவின் நல்ல கோப்பையில் டீ கொடுத்தான். செவ்வாய்க்கிழமை பியானோ சுருதி சேர்க்க வந்தவருக்கு ஒரு முழுப் பழ கேக். அந்த மனுசன் புதன்கிழமையும் வந்தான்.

"எனக்கு ஒரு யோசனை" என்றாள் திர்சா. "கல்லே இல்லைன்னா?"

"என்ன?"

"கல்லு இருந்தாத்தானே யாரோடதுன்னு கேப்பாங்க? அந்தாளு வந்து பாக்கறப்ப வெறும் புல்லுதான் இருக்குது. 'கல்லா? என்ன கல்லு?'ன்னு நீ சும்மா நில்லு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

அது நல்ல யோசனையாகப் பட்டது. இரண்டு மாதமாக எல்லா யோசனையும் அவனுக்கு நல்லதாகத்தான் பட்டிருந்தது.

வியாழக்கிழமை காலை பாதிரியார் பக்கத்து ஊருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போனார். ஒபதியா கடப்பாரையோடு வந்தான். கல் அசைந்தது. சரிந்தது. துண்டு துண்டாக உடைந்தது. சத்தம் கேட்டு, டீக்கடையில் இருந்த ஒன்பது பேர் வெளியே ஓடி வந்தார்கள். அப்புறம் ஒரு அம்மாள் குனிந்து விரல் நீளத்துக்கு ஒரு சில்லை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் மற்ற எட்டுப் பேரும் குனிந்தார்கள்.

"வேண்டாங்க! விடுங்க! அது கோயில் சொத்து!"

"உர்சுலா எங்க எல்லாருக்கும் சொந்தம்" என்றார் ஒருவர், தலையளவு துண்டு ஒன்றைக் கோட்டுக்குள் திணித்தபடி.

அரை மணி நேரத்தில் யூ மரத்தடியில் வாசல்படி அளவுக்கு ஒரு துண்டுதான் மிஞ்சியது. ஒபதியா அதன் மேல் உட்கார்ந்தான். எட்டு நாளில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது கோயில் வாசற்கதவு கிரீச்சிட்டது.

வெள்ளைத் தாடி. கோபமான புருவம். நல்ல கறுப்புக் கோட்டு, கையில் சுருட்டிய செய்தித்தாள், காதில் செருகிய பென்சில். வந்தவர் நேராக யூ மரத்துக்கு வந்தார். அந்த வெறும் குழியையும் உடைந்த கல்லையும் உற்றுப் பார்த்தார். குனிந்து, விஷயம் தெரிந்தவர் போலக் கல்லின் ஓரத்தை விரலால் சுண்டினார்.

"ஒபதியாங்கறது நீங்கதானா? உர்சுலா விஷயமா வந்திருக்கேன்."

ஒபதியா எழுந்தான். காதில் பென்சில் செருகிய ஆட்டு வியாபாரி உலகத்தில் உண்டா? இவர்தான். தொப்பியைக் கழற்றினான்.

"ஐயா, உட்காருங்க. இல்லை, அது மேல உட்காராதீங்க. நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"நான் என்ன கேக்க வந்தேன்னா…"

"தெரியும் ஐயா. கேக்காதீங்க. நானே சொல்றேன்." இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது. "உர்சுலா இங்க இல்லை. எப்பவும் இருந்ததில்லை. கல்லு யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. பீப்பாய் நான் கட்டினது. பிராந்தி நான் ஊத்தினது. இரட்டைப் பிள்ளையைப் பெத்ததும் நான்தான் ஐயா."

பெரியவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். ஒபதியா அந்தப் பென்சிலையே பார்த்தான். இதையும் அடுத்த கதையில் எழுதப் போகிறாரோ!

"உடம்பே கிடைக்கலைன்னு எழுதிட்டீங்க. அதுக்கப்புறம் நான் என்ன ஐயா பண்ணுவேன்? எனக்கு வீடு இல்லை. என் பொஞ்சாதி அவ அக்கா வீட்டுக்குப் போயிடுவா, நான் எங்க போவேன்? பாதிரியார்கிட்ட மட்டும் 'இந்த ஊருதான் என் மனசுல இருந்துச்சு'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொய்தான். நீங்கதான் கதை எழுதறவராச்சே, உங்களுக்கு ஒரு பொய் பெருசா?"

"அந்தச் சிரமத்தை நீ அவருக்குக் கொடுக்க வேண்டாம், ஒபதியா."

பாதிரியார் ஹோல்கேட் யூ மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஞானஸ்நானம் சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அவர் எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்பதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது: பீப்பாயிலிருந்து.

அவர் கையை நீட்டினார்.

ஒபதியா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தான். முழங்கை நீள இரும்புச் சாவி. முப்பத்தோரு வருடமாக இடுப்பில் கிடந்து, அது உராய்ந்த இடத்தில் தோலே தடித்துப் போயிருந்தது. அதைப் பாதிரியார் கையில் வைத்தான். டீக்கடை வாசலில் நின்ற திர்சா, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து உதறி மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

பாதிரியார் சாவியை அங்கிக்குள் போட்டுக்கொண்டு, பெரியவர் பக்கம் திரும்பித் தலை வணங்கினார்.

"எங்க ஊர்ல உங்களுக்கு இப்படி ஒரு அவமானம் நடந்ததுக்கு மன்னிக்கணும். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. எல்லாருக்கும் தெளிவாகற மாதிரி உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

பெரியவர் பாதிரியாரைப் பார்த்தார். ஒபதியாவைப் பார்த்தார். மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார்.

"நான் கதை எழுதற ஆளு இல்லீங்க, மலைக்கு அந்தப் பக்கத்துக் கோயில்பிள்ளை; எங்க யூ மரத்தடியிலயும் இருபது வருசமா அவதான் படுத்திருக்கா, இந்த மாசக் கதைக்கு இவரு என்ன பதில் சொல்றாருன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."