நீலக் குடை விஷயமாக ஆசிரியர் தம்பிக்கு

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் தம்பிக்கு,

நீங்களும் வீட்டாரும் அச்சாபீஸ்காரர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே பெரிய பேரன் கண் டாக்டர். அடுத்தவன் கப்பலில் இன்ஜினியர், கடலே அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். சின்னவள் நீச்சலில் வாங்கிய மெடலில் அலமாரிக் கதவு மூட மாட்டேன் என்கிறது. நடுப்பேத்தி குடைக் கம்பெனியில் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் அதிகாரி. அவளுக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அஞ்சாம் வகுப்பு. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.

அவள் கம்பெனியின் புதுக் குடை மழையில் நீலச் சாயம் விடுகிறது என்று எழுதினீர்கள். வாஸ்தவம். ஆனால் அந்த மேனேஜர், குடையில் குறையே இல்லை என்று காட்டுவதற்காக உங்களையெல்லாம் கம்பெனி வாசலுக்குக் கூப்பிட்டு, கொட்டுகிற மழையில் அதே குடையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாரே, அப்பவே என் பேத்தி "உள்ளே போயிடலாம் சார்"னு பின்னாலிருந்து சட்டையை இழுத்திருக்கா. மனுஷன் கேட்டால்தானே! காது வழியா, கழுத்து வழியா நீலம் இறங்குது, இவர் "ஒரு சொட்டுகூட இறங்காது"ங்கிறார். கேள்வி கேட்டா "கருத்துச் சொல்ல விரும்பவில்லை"யாம். கருத்துதான் மூஞ்சி முழுக்க வழியுதே! அப்புறம் உங்களுக்கே போன் போட்டு, கோர்ட்டுக்கு இழுப்பேன்னு மிரட்டினார். நீங்க அதையும் மறுநாள் போட்டீங்க.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் உங்கள் நிருபர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேத்தி முன்னாடியே எச்சரிச்சிருந்தா: "பாட்டி, அவங்ககிட்ட வாயைத் திறந்தா அச்சுல ஏறின மாதிரிதான். சொல்லிட்டு, போடாதீங்கன்னா நிக்காது." நானும் பெரிசா தலையாட்டினேன். காய் வாங்கிட்டு, அவ கொடுத்த கம்பெனிக் குடையோட மழையில வர்றேன், வாசல்ல அந்தப் பிள்ளை நனைஞ்சுகிட்டு நிக்குது. மனசு கேக்கலை. உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கிட்டே "குடை எப்படிம்மா?"ங்கிறார். "மழையே தேவலை தம்பி, அது காஞ்சிடும், இது ஒட்டிக்குது"ன்னுட்டேன். அப்புறம்தான் சுரீர்னு உறைச்சு, "ஐயையோ, இதைப் போட்டுடாதேப்பா"ன்னேன். அதையும் சேர்த்துல்ல போட்டிருக்கீங்க! கூடவே நெற்றியிலிருந்து தாடை வரை நீலத்தோட என் படம், முதல் பக்கத்துல.

இப்போ மேனேஜர், "பாட்டி வாயையே அடக்கத் தெரியலை, பத்திரிகையை எங்கே சமாளிக்கப் போறே?"ன்னு அவளை வேலையை விட்டுத் தூக்கப் பார்க்கிறார். திங்கட்கிழமை முதலாளி வெளியூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. என்னால வந்த வினை. பிள்ளை சரியாச் சாப்பிடக்கூட இல்லை.

ஆகவே எங்களைப் பற்றி இனி ஒரு வரியும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முக்கியமாக, முதல் நாளே அவள் "தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்போம், குடையை மாத்திக் கொடுப்போம்"னு சொன்னதையும், மேனேஜர் "உன் வேலையைப் பார்"னு அவள் வாயை அடைச்சதையும் போடவே கூடாது. முதலாளிக்கு இது தெரியாது. எங்கே இருந்தாலும் காலையில் அவர் உங்கள் பேப்பரைத்தான் முதலில் பிரிப்பாராம்.

உங்கள் பேப்பர் மழையிலும் நனையாமல் வீடு வீடாய்ப் போய்ச் சேர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
குடைக் கம்பெனி அதிகாரியின் பாட்டி

பின்குறிப்பு: சொல்லிவிட்டுப் போடாதீங்க என்றால் நிற்காது என்று பேத்தி சொன்னது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கம் தோதுப்படும். அந்த நீல மூஞ்சிப் படம் மட்டும் வேண்டாம் தம்பி. முகம் கழுவி, தலை வாரி எடுத்த புதுப் போட்டோ உள்ளே வைத்திருக்கிறேன். அதைப் போடவும்.