வட்டி கேட்காத நண்பர்

துறைமுகக் குடியிருப்பின் குழாயடியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், புள்ளி அந்த முடிவுக்கு வந்தார். மனைவி ரகசியமாகச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தைக் கண்டுபிடித்தே தீருவது.

புள்ளி என்பது உத்தியோகத்தால் வந்த பெயர். வீடு வீடாகப் போய், என்ன வருகிறது, என்ன போகிறது, என்ன மிஞ்சுகிறது என்று கேட்டுக்கொண்டு வரும் புள்ளிவிவரக் கணக்கெடுப்பாளர் அவர். தெருவில் சில பேர் பெரும்புள்ளி, சில பேர் கரும்புள்ளி. இவர் வெறும் புள்ளி.

அந்தப் பிரதேசத்தில் அவர் ஏறாத படி கிடையாது. மீன்பிடிக்கிறவர்கள் வீட்டில் கடல் கொடுக்கிற மாதங்களில் சேமிப்பார்கள், கொடுக்காத மாதங்களில் தின்பார்கள். கல் உடைக்கிறவர்கள் வாயைக் கட்டி மிச்சம் பிடித்து ஆடு வாங்குவார்கள். அதற்கப்புறம் ஆட்டின் வாயைக் கட்ட முடியாமல் திண்டாடுவார்கள். ஆலைக் குடியிருப்பில், பக்கத்து வீட்டுக்காரிகளிடம் மாற்றி மாற்றிக் கொடுத்து வைப்பார்கள். யாரிடம் எவ்வளவு என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியாது. ஆனால் எல்லா ஏழை வீட்டிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. "கையிருப்பு எவ்வளவு?" என்று கேட்டால், வீட்டுக்காரன், "கை இருக்கு சார், அவ்வளவுதான்" என்பான். வீட்டுக்காரி எந்த மூலையைப் பார்க்காமல் தவிர்க்கிறாளோ அந்த மூலையில் பணம் இருக்கும்.

வருமானம் குறையக் குறைய மனைவியின் ரகசியச் சேமிப்பு கூடும். இது புள்ளியின் சித்தாந்தம். குழாயடியில் கால் விரலை நீவும்போது அவருக்கு உதித்தது இதன் அடுத்த படி: தன் வருமானம் எவ்வளவு குறைவு. அப்படியானால் தன் மனைவியிடம் எவ்வளவு இருக்க வேண்டும். அவருக்கு மெய் சிலிர்த்தது.

இந்தச் சிலிர்ப்புக்குக் காரணம் ஒரு ஸ்கூட்டர். நீல நிறம், ஏற்கனவே ஒருவர் ஓட்டியது, மெக்கானிக் கடை வாசலில் நிற்கிறது. அதை வாங்குவதற்காகப் புள்ளி ஒரு வருஷமாகப் பஸ்ஸில் ஏறாமல் நடக்கிறார். நடப்பதைத் தவிர்க்க ஸ்கூட்டர், ஸ்கூட்டருக்காக நடை. ஆபீஸில் தரும் பஸ் காசெல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கிற, பாட்டை நிறுத்திப் பல காலமான ஒரு ரேடியோவின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதுவரை ஸ்கூட்டரில் பாதி சேர்ந்திருந்தது. மீதிப் பாதி மனைவியிடம் இருக்கிறது என்று சித்தாந்தம் சொன்னது.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். தலையணை உறை, திரைச்சீலை, கிழிந்த பள்ளிக்கூடச் சட்டை என்று எது வந்தாலும் தைப்பாள். வாயில் குண்டூசி இருக்கும்போது மட்டும் பேசமாட்டாள்.

புள்ளி முதலில் சோதனை போட்டார். அவள் கடைக்குப் போன நேரத்தில் அரிசி டப்பாவில் முழங்கை வரை விட்டுத் துழாவினார். மெத்தையைத் தட்டினார். நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகக் குலுக்கினார். நூறு வீட்டில் பணத்தின் வாசனை பிடித்த மூக்கு, சொந்த வீட்டில் தும்மல்தான் பிடித்தது.

சரி, தேடிப் போனால் கிடைக்காது, அதுவாக வெளியே வர வேண்டும். எப்போது வரும்? வீட்டில் நெருக்கடி வந்தால் வரும். அன்றைக்குச் சாயங்காலமே நெருக்கடியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு கெட்ட செய்தி. சம்பளம் நிறுத்தி வெச்சிருக்காங்க. எப்ப வரும்னு தெரியாது."

மனைவி வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "மொத்தமாவா?"

"மொத்தமா. வருமானத்துல 'வரும்' போயிடுச்சு. இனி மானம் மட்டும்தான்."

"ஐயோ பாவம். நீங்க கவலைப்படாதீங்க. சிக்கனமா இருந்துக்கலாம்."

புள்ளி உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். ஆனால் அவள் சிக்கனத்தை எங்கிருந்து ஆரம்பித்தாள் என்பதுதான் வினோதம். அவருடைய தட்டிலிருந்து ஆரம்பித்தாள்.

முதலில் முட்டை மறைந்தது. அப்புறம் மாலை டீயில் பால் மறைந்தது. அதற்கப்புறம் டீயே மறைந்து வெந்நீர் வந்தது. "உடம்புக்கு நல்லதுங்க" என்றாள். மின்விசிறியைச் சுற்றவிடாமல் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தாள். புள்ளி விசிறினார். விசிறியதில் வியர்த்தது. வியர்த்ததற்கு மேலும் விசிறினார். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது. மனைவி மட்டும் எப்போதும் போலத் தளதளவென்று இருந்தாள்.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார் ஒருநாள், சந்தேகத்தோடு.

"நீங்க சாப்பிடாதப்ப எனக்கு எப்படிங்க இறங்கும்?" என்றாள், உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டே.

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. பணம் வெளியே வரவில்லை, அவருடைய விலா எலும்புதான் வெளியே வந்தது. பிறகு ஒருநாள் காலையில் அவள் தைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, இனி தாங்காது. எங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

அந்த அண்ணன் டயர் கடை வைத்திருப்பவர். வந்தால் பணம் தருவார், மறுக்கவில்லை. ஆனால் கூடவே நான்கு நாள் தங்கி, "மாப்ளே, நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்து, தான் ஒற்றை டயரை உருட்டி முன்னுக்கு வந்த கதையை முதலிலிருந்து சொல்வார். கேட்பவன் எழுந்து போக முடியாது. பிடித்து உட்கார வைக்கும் கை டயர் மாட்டிப் பழகிய கை.

"வேண்டாம். மச்சானுக்கு எதுக்குத் தொந்தரவு? நான் ஏற்பாடு பண்றேன்."

அன்றைக்கு அவள் தண்ணீர் பிடிக்கப் போன சமயத்தில் ரேடியோவின் முதுகைக் கழற்றினார். ஒரு கட்டு எடுத்தார். சாயங்காலம் அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏதுங்க இது?"

"நண்பர் ஒருத்தர் கொடுத்தார். கூடப் படிச்சவர்."

"வட்டி?"

"கிடையாது."

"எப்ப திருப்பித் தரணும்?"

"முடிஞ்சப்ப."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷரா" என்று நெகிழ்ந்து போனாள். மறுநாள் இரண்டு தலையணை உறை தைத்து, மடித்து, "அந்த நல்லவருக்குக் கொடுங்க" என்று கையில் வைத்தாள். புள்ளி அவற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் கடைசியில் அதையும் ரேடியோவுக்குள் திணித்தார்.

வெந்நீர் மறுபடி டீ ஆயிற்று. ஆனால் அடுத்த வாரமே மனைவி பெருமூச்சு விட்டாள்.

"வாடகை நிக்குதுங்க. அண்ணன் வேற, 'நான் வரட்டுமா'ன்னு கேட்டு அனுப்பியிருக்கார்."

"நண்பரைக் கேக்கறேன்" என்றார் புள்ளி.

நண்பர் கொடுத்தார். அதற்கடுத்த வாரமும் கொடுத்தார். அண்ணன் பெட்டி கட்டிவிட்டார் என்று சேதி வந்த அன்றைக்கு, நண்பர் தன்னிடம் இருந்த கடைசி நோட்டு வரை கொடுத்தார். ரேடியோவுக்குள் இரண்டு தலையணை உறை மட்டும் மிஞ்சியது.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், வீட்டு நடுவில் ஒரு ஓவர்லாக் மெஷின் பளபளத்தது. துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின். அவள் ரொம்ப நாளாக ஆசைப்பட்டது.

"இது... எப்படி?"

"உங்க நண்பர் புண்ணியம். மிச்சம் பிடிச்சு வாங்கினேன். இனி ரெண்டு மடங்கு துணி தைக்கலாம். நம்ம கஷ்டம் தீர்ந்துடும்."

"வாடகை நிக்குதுன்னு சொன்னியே?"

"நின்னுச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுச்சு" என்றாள்.

புள்ளியால் கத்த முடியவில்லை. கத்தினால் நண்பர் யார் என்று சொல்ல வேண்டி வரும். சம்பளம் வந்துவிட்டதாக மறுநாளே அறிவித்தார். அதற்கு மறுநாள் மறுபடியும் பஸ்ஸை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். ரேடியோ மறுபடி மெல்ல மெல்லத் தின்ன ஆரம்பித்தது. மனைவியிடம் ரகசியச் சேமிப்பு கிடையவே கிடையாது, சித்தாந்தத்துக்கு விதிவிலக்கு தன் வீடு என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவருடைய மேலதிகாரியான அம்மாள் கணக்கெடுக்க அவர் வீட்டுக்கு வந்தார். கணக்கெடுப்பாளர்கள் வீட்டை அவர்களே எடுக்கக் கூடாது, மேலதிகாரிதான் எடுக்க வேண்டும். வந்தவர் புள்ளியைப் பார்ப்பதற்கு முன்னால் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, என் திரைச்சீலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம். புது மெஷின்ல ஓரம் அடிச்சேன்."

இவர்களுக்குள் இப்படி ஒரு பழக்கம் இருப்பது புள்ளிக்கு அப்போதுதான் தெரியும். சேமிப்பைப் பற்றி மனைவியிடம் கேட்கும்போது கணவன் கூட இருக்கக் கூடாது என்பது விதி. எத்தனையோ கணவன்மார்களை வெளியே அனுப்பிய புள்ளி, தானும் வெளியே போனார். போய் ஜன்னலுக்குக் கீழே குந்தினார்.

"நடுவுல சம்பளம் ஏதாவது நின்னுச்சா?" மேலதிகாரியின் குரல்.

"அப்படின்னு அவர் சொன்னார். அதே வாரம்தான் திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வந்து, சம்பளம் போட்டாச்சுன்னு நீங்க சொன்னீங்க."

புள்ளியின் நெற்றி சுவரில் மெதுவாக முட்டியது.

"சரி, உங்களுக்குன்னு தனியா சேமிப்பு உண்டா?"

"உண்டு மேடம்."

புள்ளி நிமிர்ந்தார். இருக்கிறது. சித்தாந்தம் பொய்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதை நீட்டினார்.

"எங்க வெச்சிருக்கீங்க? பேங்க்லயா?"

"இல்ல மேடம். என் வீட்டுக்காரர்கிட்ட."

"வேணும்னா கேட்டா கொடுப்பாரா?"

"கேட்டா கொடுக்க மாட்டார். எங்க அண்ணன் வர்றார்னு சொன்னா கொடுப்பார்."

"நீங்க அவர்கிட்டதான் சேர்த்து வெச்சிருக்கீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றாள் மனைவி. "தெரிஞ்சா செலவு பண்ணிடுவார்."