துடிப்புச் சாமியின் பொடி

துடிப்புச் சாமி நெஞ்சில் கைவைத்தால், தாறுமாறாக ஓடும் இதயமும் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடுமாம். விடியும் முன்பே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். நின்ற களைப்பிலேயே பாதிப் பேருக்கு நெஞ்சு படபடத்தது. சாமிக்கு அந்த வகையில் சிரமமே இல்லை.

வாசலில் ஒரு பீப்பாய். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அதில் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போய்ப் பொடி வாங்க வேண்டும்.

அந்த ஊர்த் தையற்காரி ஒருத்தியின் கணவன் பஸ் ஓட்டியவன். இதயத்தில் சார்காய்டோசிஸ் என்ற நோய் வந்து, ஒருநாள் வண்டியை நிறுத்திய கையோடு மயங்கி விழுந்தான்.

"இதயத்துல அங்கங்க வீக்கம். துடிப்பை நடத்துற மின்சாரம் போற பாதையை அது மறிக்குது. இந்த ஸ்டீராய்டு மாத்திரை அந்த வீக்கத்தை அடக்கும். அளவை நான்தான் படிப்படியா குறைப்பேன். நீங்களா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

துடிப்பு ஓரளவு சீரானது. ஆனால் முகம் உப்பிவிட்டது.

"பாரு, பூசணிக்காய் மாதிரி ஆயிட்டேன். எல்லாம் இந்த மாத்திரை விஷம். ஞாயித்துக்கிழமை பீப்பாயில போட்டுட்டு வந்துடறேன்."

தையற்காரி கெஞ்சினாள். அழுதாள், சண்டை போட்டாள். அவன் மசியவில்லை.

அந்த வாரம் சாமியின் பக்தை ஒருத்தி சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். மூன்று மாதத்தில் இடுப்பு ஐந்து அங்குலம் கூடியிருந்தது. கை மட்டும் மெலிந்திருந்தது. முகம் உப்பலாக இருந்தது.

"அருள் பூரிப்பு" என்றாள் பக்தை பெருமையோடு.

தையற்காரி அளவு நோட்டைப் புரட்டினாள். அதில் இருந்த பக்தர்கள் ஏழு பேருக்கும் அதே பூரிப்பு! தன் கணவனுக்கும் அதேதான். அவனுக்கு வந்தால் விஷம், இவர்களுக்கு வந்தால் அருளா? பக்தையிடம் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி டாக்டரிடம் கொடுத்தாள். அவர் சோதனைக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் பீப்பாயருகே மாத்திரை அட்டையோடு நின்றான். அவள் அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாமி முன்னால் இரண்டு பொட்டலங்களை வைத்தாள்.

"சாமி, இதுல விஷம் எது? கைவைச்சுச் சொல்லுங்க."

சாமி கண்ணை மூடினார். கை நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது, பழக்கம்.

"இடதுபக்கம்! ஆஸ்பத்திரி விஷம்! கை சுடுது!"

"ரெண்டும் உங்க பொடிதான் சாமி. இப்பத்தான் இந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் உங்க கையாலயே கொடுத்தீங்க."

அண்ணனும் அக்காவும் தலையாட்டினார்கள். அவள் சோதனைக் காகிதத்தை உரக்கப் படித்தாள். பொடியில் இருந்தது ஸ்டீராய்டு. அவள் கணவன் சாப்பிடும் அதே மருந்து. டாக்டரும் இல்லை, அளவும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாமி தியானத்தில் ஆழ்ந்தார். பின்வாசல் வரை நடந்துகொண்டே ஆழ்ந்தார். அங்கே பக்தர்கள் அவரை மடக்கிக்கொண்டார்கள்.

"யாரும் பொடியைச் சட்டுனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து! மிச்சத்தை எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க!" என்று கத்தினாள் அவள். கணவன் அன்றைய மாத்திரையைப் பிரித்து விழுங்கினான்.

கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். விழுங்கும்போதாவது திறந்து வையுங்கள்.