மாப்பிள்ளை ஒன்றும் செய்யவில்லை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் உங்கள் மருமகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும் அவர்களுடைய முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆசை. உங்கள் மகனும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். இந்தக் கடிதமே அவரைப் பற்றியதுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம். அன்று அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் காரை நான்தான் ஓட்டுவேன், மாப்பிள்ளை ஓட்டக் கூடாது. இது நான் சொல்லி வீட்டில் எடுபடவில்லை. நீங்கள் பெற்றவர், அதிலும் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டிப் பெயர் வாங்கியவர். போனில் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பேச்சை அவர் தட்ட மாட்டார்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர், மறுக்கவில்லை. தங்கமும் வைத்த இடத்திலேயேதான் இருக்கும். நான் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராகக் காலம் தள்ளியவன். அங்கே ஒருவன் சும்மா நிற்பதைப் பார்த்தால் இந்தப் பெட்டியைத் தூக்கி அங்கே வை என்பேன், வைத்துவிட்டு நின்றால் திரும்ப இங்கேயே கொண்டுவா என்பேன். மனிதனுக்குக் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மகனோ எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை அடக்கிக்கிட்டு அசையாம இருங்க" என்று ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் சொல்வதுதான் உத்தியோகம். சொல்லிச் சொல்லி அது அவருக்கே ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

நடந்ததைக் கேளுங்கள். கார் என்னுடையது, டயர்களும் என்னுடையவை. மழை தொடங்கும் முன்பே மாப்பிள்ளை குனிந்து டயரைத் தடவிப் பார்த்து, "மாமா, வரியெல்லாம் தேஞ்சு போச்சு. இந்தப் பள்ளம் வழியாத்தான் தண்ணி வெளிய போகணும். போக வழியில்லேன்னா டயர் ரோட்டையே தொடாது, தண்ணி மேல சறுக்கிக்கிட்டு ஓடும். மாத்திடலாம்" என்றார். நானும் டயரைச் சுற்றி வந்து பார்த்தேன். வட்டமாகத்தான் இருந்தது. வட்டமாக இருக்கும் டயரை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை, மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம், மாப்பிள்ளை ஓட்டுகிறார், மரியாதைக்கு நான் முன்னால், பெண்கள் இருவரும் பின்னால். முன்னே போன பேருந்துக்கும் எங்களுக்கும் நடுவே அவர் ஒரு கல்யாண மண்டபமே கட்டலாம் போல இடம் விட்டார். அந்த இடத்தில் ஒரு கார் நுழைந்தது. இவர் அதற்கும் இடம் விட்டார். அதில் ஒரு லாரி நுழைந்தது. லாரிக்கும் விட்டார். இப்படியே விட்டுக்கொண்டு போனால் பரிசோதனைக்குப் பதில் நேராகப் பிரசவத்துக்குத்தான் போய்ச் சேருவோம் என்று பட்டதால், "மாப்பிள்ளை, டாக்டர் கிளம்பிடுவார், கொஞ்சம் மிதிங்க" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன் என்று நான் சொல்கிறேன். ஓயாமல் சொன்னதாக என் மனைவி சொல்கிறாள். பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று அவரும் மிதித்தார்.

மேம்பாலம் இறங்கும் இடத்தில் சாலை முழுக்கத் தண்ணீர் தகடு விரித்தாற்போல் கிடந்தது. கார் அதில் ஏறியதும் சக்கரச் சத்தம் சட்டென்று நின்றுபோயிற்று. சாலையே இல்லாத மாதிரி ஒரு மிதப்பு, வண்டி தன் இஷ்டத்துக்கு ஓரம் போகிறது. சம்பந்தி, அந்த நேரத்தில் உங்கள் மகன் என்ன செய்தார் தெரியுமா? மிதித்துக்கொண்டிருந்த காலை எடுத்தார். அவ்வளவுதான். பிரேக் போடவில்லை, ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டு "மாமா, ஒண்ணும் செய்யாதீங்க" என்றார். என் மகளும் அவள் வயிற்றில் ஒரு உயிரும் பின்னால் இருக்கும்போது ஒன்றும் செய்யாமல் இருக்க நான் என்ன கல்லா? கையில் அகப்பட்டது ஹேண்ட் பிரேக். இழுத்தேன். கிடங்கில் இழுக்கிற இழுப்பு. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதோடு விடாமல் இன்னொரு அரைச் சுற்றும் சுற்றி, ஓரத்தில் இருந்த கார் கழுவும் கடைக்குள் பின்பக்கமாகப் போய் நின்றது. கடைக்காரர் குடையோடு வெளியே வந்து, "இந்த மழையிலயா சார் கழுவணும்?" என்றார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வண்டியை நிறுத்தியவன் நான்தான். இருந்தும் வீடு வரும்வரை மகள் என்னோடு பேசவில்லை, மனைவி பேச்சை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை மட்டும், "வழுக்கும்போது வண்டியே ரோட்டைத் தேடிப் பிடிச்சுக்கும், அதுவரைக்கும் நாம சும்மா இருக்கணும் மாமா. அப்பா சொல்லிக் குடுத்தது" என்றார். இதையா சம்பந்தி சொல்லிக் கொடுத்தீர்கள்?

ஆகவே தயவுசெய்து உங்கள் மகனுக்கு எடுத்துச் சொல்லவும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மழையில் நனையாமல் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். எல்லாம் நல்லபடி நடக்கும்.

இப்படிக்கு,
ஒரு கண்ணை வாசலிலும் ஒரு கண்ணைக் கார்ச்சாவியிலும் வைத்திருக்கும்,
தங்கள் அன்புச் சம்பந்தி.

பி.கு.: மழையால் இதைத் தபாலில் சேர்க்க முடியாமல் கிடந்தது. அதற்குள் வலி வந்துவிட்டது, டாக்டர் சொன்ன தேதிக்கு வெகு முன்னாலேயே. வெளியே கொட்டுகிற மழை. சொன்ன சொல் மாறாமல் நானே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன். தெருமுனையில் தண்ணீர் நிற்பது தெரிந்தது. பின்னாலிருந்து மகள், "அப்பா, எனக்கு பயமா இருக்குப்பா" என்றாள். பிரசவத்துக்குப் பயப்படாதே அம்மா என்றேன். "பிரசவத்துக்கு இல்லப்பா" என்றாள். சம்பந்தி, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இறங்கிச் சுற்றிப் போய் மழையில் நின்று, பக்கத்து இருக்கையில் இருந்த மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்குப் போனார். டயர் நாலும் புதிது என்பதை அப்போதுதான் கவனித்தேன், எப்போது மாற்றினாரோ. மேம்பாலம் வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்னால் போன பேருந்தின் சக்கரத் தடத்திலேயே ஓட்டிக்கொண்டு போனார். அந்தத் தண்ணீரில் எங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை, எழுதுவதற்கு எதுவும் இல்லை. "மெதுவாவே போங்க மாப்பிள்ளை" என்று வழியெல்லாம் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். அது நான்தான் என்கிறாள் என் மனைவி.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். இன்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாப்பிள்ளைதான் ஓட்டினார், மகள் முன்னால். பின்னால் குழந்தைக்கென்று அவர் மாட்டிய குட்டி இருக்கையில் உங்கள் பேத்தி, அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் மனைவி, எட்டும் தூரத்தில் ஹேண்ட் பிரேக். மழை விடவே இல்லை. என் ஒரு கை விரலைப் பேத்தி பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை. இன்னொரு கையை என் மனைவி எட்டிப் பிடித்துக்கொண்டாள். அது பாசத்தால் அல்ல.